குதிரை வாணிகமும் விளம்பரமும்

விற்போன் அறிவான், வாங்குவோன் அறியான். உலகில் நடைபெறும் வாணிகங்கள் பலவற்றுள்ளும் இவ்வேறுபாடு மிகப் பெரிதாய் நிற்பது குதிரை வாணிகத்தில் எனலாம். நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணியை விரித்து நோக்கலாம். பொன்னை உரைத்துக் காணலாம். குதிரையின் அகவையை அதன் பல் ஓரளவு கூறும். ஆனால் அதன் மூச்சின் வலிமை, காலின் உறுதி, குணத்தின் இயல்பு, மரபின் தூய்மை ஆகியவற்றை நின்ற நிலையில் கண்டு கூறுதல் தேர்ந்தார்க்கும் அரிது. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தல் தகாது என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கும் குதிரைக்கோ பல்லைப் பார்த்தாலும் போதாது.

ஆகவே குதிரை வளர்ப்போரும் விற்போரும், அதற்குத் தீவனமும் சேணமும் செய்வோரும், பந்தயம் நடத்துவோரும், குதிரையேற்றம் கற்பிப்போரும் தொன்றுதொட்டு ஒரு பொருளைத் தேடி வந்துள்ளனர். வாங்குவோரின் நம்பிக்கையே அப்பொருள். அதனைப் பெற அவர்கள் கையாண்ட வழிகளின் வரலாறே குதிரை வாணிகத்தின் விளம்பர வரலாறு. இந்நாளில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற சமூக ஊடகங்களில் குதிரைப் பண்ணைகளும் ஏலக் கூடங்களும் செய்துவரும் விளம்பரம் அவ்வரலாற்றின் அண்மைப் பகுதியாகும். முற்பகுதியை அறிந்தார்க்கே பிற்பகுதியின் நன்மையும் தீமையும் நன்கு விளங்கும்.

கயிறு மாறுதல்

குதிரை வாணிகத்தில் வாங்குவோனுக்கு எழும் அச்சத்தைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் நரி பரியான கதை அதற்குச் சான்று. பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளை அவர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார். சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி, தாமே குதிரை வாணிகராய் மதுரைக்கு வந்தார். பகலில் பரியாய் நின்றவை இரவில் நரியாய் மாறின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை விரித்துரைக்கிறது.

இக்கதையின் பத்திப் பொருள் ஒருபுறமிருக்க, அதனுள் பொதிந்துள்ள வாணிக வழக்கம் ஒன்று வரலாற்று மாணவர்க்குப் பயன் தருவது. குதிரைகளைக் காட்டிக் குணங்களை எடுத்துரைத்தபின் வாணிகர் கயிறு மாறிக் கொடுக்கிறார். அஃதாவது, குதிரையைப் பிடித்துள்ள கயிறு விற்போன் கையிலிருந்து வாங்குவோன் கைக்கு மாறுகிறது. மாறியபின் நேரும் எதற்கும் விற்போன் பொறுப்பாளியல்லன். நேற்று நல்ல குதிரையாய்க் காட்சியளித்தது இன்று வேறொன்றாய்த் தோன்றினால் முறையிடுதற்கு இடமில்லை. புராணத்தை வரலாற்று ஆவணமாகக் கொள்ளலாகாது. ஆயினும், கேட்போர் அனைவர்க்கும் பழக்கமாயிருந்த ஒரு வழக்கத்தையே புலவர் கதையில் அமைத்திருப்பார் என்று கொள்வதில் தவறில்லை.

அறிவை மறைத்த வாணிகம்

குதிரை தமிழகத்துக்குக் கடல் வழியே வந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலத்திலும் பாண்டியர் காலத்திலும் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கல்வெட்டுகளில் காணப்படுகின்றனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாணிகம் பெருகி நின்றதை அயல்நாட்டார் இருவர் எழுதிவைத்துள்ளனர்.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் கூறுவதன்படி, கீசுத் தீவின் தலைவர் ஜமாலுத்தீனோடு ஓர் உடன்படிக்கை இருந்தது. ஆண்டுதோறும் அவருடைய குதிரைகள் 1,400 பாண்டி நாட்டுக்கு அனுப்பப்பெறும். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் விலை அரசரின் கருவூலத்திலிருந்தே கொடுக்கப்படும். கயிறு மாறுவதற்கு முன்பே இழப்பு முழுவதும் வாங்குவோன் தலையில் விழுந்தது என்பது இதனால் பெறப்படும்.

வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கூறுவது இதனினும் வியப்பானது. பாண்டிய அரசரும் அவருடைய உடன்பிறந்தாரும் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டின் முடிவில் நூறு குதிரைகளும் எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். வெப்பமும், ஒவ்வாத தீவனமும், பேணும் முறை அறியாமையும் அவற்றைக் கொன்றன. குதிரைகளுக்கு மருத்துவம் செய்யவும் இலாடம் அடிக்கவும் வல்லவர் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு வாணிகர் பார்த்துக்கொண்டனர் என்பது அவர் தரும் செய்தி. குதிரை இறந்தால்தானே மறுகுதிரை விற்கும்!

மார்க்கோ போலோவின் எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சுட்டும் முறை சிந்தனைக்குரியது. அவ்வாணிகர்க்கு விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. வாங்குவோனின் அறியாமையே அவர்களுடைய மூலதனம். அறிவை மறைத்து விற்றனர். ஆகவே விற்பனை ஓயவில்லை. இது குதிரை வாணிகத்தின் முதல் வழி.

அச்சேறிய மரபு

இரண்டாம் வழி, அறிவை வெளியிட்டு விற்பது. இதனை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தெளிவாகக் காணலாம்.

1727ஆம் ஆண்டில் ஜான் செனி என்பார் இங்கிலாந்தில் நடந்த குதிரைப் பந்தயங்களின் முடிவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். எந்தக் குதிரை எங்கே ஓடிற்று, எதனை வென்றது, எதற்குத் தோற்றது என்பதை ஊர் ஊராய்ச் சென்று கேட்க வேண்டிய நிலை மாறியது. 1773ஆம் ஆண்டு முதல் ஜேம்ஸ் வெதர்பி பந்தய அட்டவணை வெளியிட்டார். 1791ஆம் ஆண்டில் வெதர்பி குடும்பத்தார் குதிரைகளின் மரபு நூலுக்கு முன்னோடியான பதிப்பைக் கொணர்ந்தனர். இன்ன குதிரை இன்ன தந்தைக்கும் இன்ன தாய்க்கும் பிறந்தது என்பது அச்சில் வந்தது. இன்று உலகெங்கும் ஓடும் உயர்மரபுப் பந்தயக் குதிரைகள் யாவும் தந்தைவழியில் டார்லி அரபி, காடல்பின் அரபி, பையர்லி துருக்கி என்னும் மூன்று குதிரைகளைச் சென்றடையும் என்ற செய்தி உறுதிப்பட்டது இத்தகைய பதிவுகளால்தான்.

இந்நூல்கள் விளம்பரத்துக்கென எழுதப்பட்டவை அல்ல. எனினும் இவற்றினும் சிறந்த விளம்பரம் குதிரை வாணிகத்துக்கு அதுவரை வாய்த்ததில்லை. விற்போன் தன் குதிரையைப் புகழ்ந்தால், வாங்குவோன் நூலைப் புரட்டிச் சரிபார்க்கலாம். சரிபார்க்கக்கூடிய புகழ்ச்சிக்கு மதிப்பு மிகுதி.

இக்காலத்திலேயே ரிச்சர்ட் டாட்டர்சால் என்பவர் 1766ஆம் ஆண்டில் இலண்டன் ஹைட் பார்க் மூலையில் குதிரை ஏலக் கூடம் தொடங்கினார். மறைவில் நடந்த பேரம் பலர் அறிய நடக்கும் ஏலமாயிற்று. அவர் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழின் உரிமையாளருள் ஒருவராகவும் இருந்தார். ஏலக்காரர் கையில் செய்தித்தாள் இருந்தது என்பது அக்காலத்தார் விளம்பரத்தின் ஆற்றலை எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும். 1779ஆம் ஆண்டில் அவர் ‘ஹைஃபிளையர்’ என்னும் குதிரையை 2,500 பவுன் கொடுத்து வாங்கினார். அதன் புகழால் பெற்ற வருவாயில் எழுப்பிய மாளிகைக்கு அக்குதிரையின் பெயரையே இட்டார்.

புகழ்பெற்ற குதிரையைக் கொண்டு பொருளீட்டும் கலையில் இன்னொரு படி ‘எக்ளிப்ஸ்’ என்ற குதிரையால் ஏறியது. 1764ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், கதிரவன் மறைப்பு நிகழ்ந்தபோது பிறந்தமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. 1769, 1770 ஆகிய ஆண்டுகளில் ஓடிய 18 பந்தயங்களிலும் அது தோற்றதில்லை. பந்தயத்துக்கு எதிர்நிற்பார் இல்லாமற் போகவே, உரிமையாளர் ஓ கெல்லி அதனை இனப்பெருக்கத்துக்கு விட்டார். ஒரு முறைக்கு 50 கினி வரை கட்டணம் பெற்றார். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியர் அதனைத் தீட்டினார். ஓவியத்தினின்று செதுக்கிய அச்சுப்படங்கள் பரவின. குதிரையை ஒருமுறையும் காணாதவரும் அதன் வடிவை அறிந்தனர்.

1789ஆம் ஆண்டில் எக்ளிப்ஸ் இறந்தது. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவரான சேன்பெல் அதன் உடலை அறுத்து ஆராய்ந்து, அளவுகளை நூலாக வெளியிட்டார். 1791ஆம் ஆண்டில் இலண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்தவரும் அவரே. பாண்டி நாட்டுக்கு மருத்துவரை வரவொட்டாமல் தடுத்த வாணிகத்தையும், புகழ்பெற்ற ஒரு குதிரையின் உடலே மருத்துவக் கல்விக்குத் துணைநின்ற இந்நிகழ்ச்சியையும் ஒருங்கு வைத்து நோக்கினால், இரு வழிகளுக்கும் உள்ள தொலைவு புலப்படும்.

சிங்கப்பூர்க் கரையில்

இங்கிலாந்தின் இம்முறைகள் குடியேற்ற ஆட்சியோடு கடல் கடந்தன. சிங்கப்பூரில் 1842ஆம் ஆண்டில் விளையாட்டுக் கழகம் ஒன்று தோன்றி, ஃபேரர் பார்க் பகுதியில் பந்தயத் திடல் அமைத்தது. சிராங்கூன் சாலையை அடுத்துள்ள ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயர் அத்திடலின் நினைவாய் நிலைத்தது. அக்கழகம் 1924ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயக் கழகம் எனப் பெயர் மாறியது. 1933ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கும், 1999ஆம் ஆண்டில் கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்தது.

ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த குதிரைகள் இங்கு ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்குவோரின் ஐயத்தைப் போக்க மலாயாப் பந்தய உலகில் வேறொரு முறையும் இருந்தது. ‘கிரிஃபின்’ எனப்பட்ட புதுக் குதிரைகளைக் கழகமே தருவித்து, பணம் செலுத்திய உறுப்பினர்க்குச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டது. எவருக்கு எந்தக் குதிரை என்பதைச் சீட்டே முடிவு செய்தமையால், தேர்ந்த கண்ணுடையார் பிறரை வஞ்சித்தார் என்ற பேச்சுக்கு இடமில்லாது போயிற்று. ஐயம் மிக்க வாணிகத்தில் நடுநிலையே சிறந்த விளம்பரமாயிற்று.

டான் பேச்சின் புகழ்

குதிரை வாணிகத்தில் விளம்பரத்தைத் தனிக் கலையாகவே வளர்த்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மேரியன் வில்லிஸ் சாவேஜ். சமூக ஊடக விளம்பரத்தின் கூறுகள் பலவும் இவரிடத்தில் முன்னமே காணப்படுகின்றன. ஆகவே இவர் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

சாவேஜ் மினியாபொலிஸ் நகரில் கால்நடைத் தீவனக் கூட்டுப்பொருள் செய்து விற்ற ‘இன்டர்நேஷனல் ஸ்டாக் ஃபுட்’ நிறுவனத்தின் உரிமையாளர். 1902ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ‘டான் பேச்’ என்னும் குதிரையை 60,000 டாலர் கொடுத்து வாங்கினார். 1896ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்துச் சிற்றூரில் பிறந்த அக்குதிரை, இருசக்கரச் சிறுவண்டியை இழுத்தோடும் பந்தயத்தில் ஈடற்று விளங்கியது. ஒரு புறத்து முன்காலும் பின்காலும் ஒருசேர எழும் ஓட்டம் அதனுடையது. அவ்வளவு பெருந்தொகையை ஒரு குதிரைக்குக் கொடுத்தமையே நாடெங்கும் பேச்சாயிற்று. கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அன்றே விளம்பரமாய்த் திரும்பி வந்தது எனலாம்.

எதிர்த்தோட வேறு குதிரை இல்லாமையால், டான் பேச் காலத்தோடு போட்டியிட்டு ஓடியது. ஊர் ஊராக நடக்கும் வேளாண் கண்காட்சிகளுக்குத் தனி இரயில் பெட்டியில் சென்றது. பெட்டியின் பக்கத்தில் அதன் உருவம் தீட்டப்பட்டிருந்தது. இரயில் நிற்கும் இடமெல்லாம் மக்கள் திரண்டனர். 1906ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலக் கண்காட்சியில் 93,000 பேர் பார்த்திருக்க, ஒரு மைல் தொலைவை 1 நிமிடம் 55 வினாடியில் அது ஓடி முடித்தது.

சாவேஜின் திறமை ஓட்டத்துக்குப் பின்னரே வெளிப்பட்டது. டான் பேச்சின் வண்ணப் படத்தை எவர்க்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்புவதாக அவர் செய்தித்தாள்களிலும் வேளாண் இதழ்களிலும் விளம்பரம் செய்தார். கேட்பவர் இரண்டு செய்திகளை மட்டும் எழுதவேண்டும்: விளம்பரத்தை எந்த இதழில் கண்டீர்? உம்மிடம் கால்நடைகள் எத்தனை உள? முதல் விடையால் எந்த இதழ் விளம்பரத்துக்குப் பயன் தருகிறது என்பதை அவர் அறிந்தார். இரண்டாம் விடையால் தீவனம் வாங்கத்தக்கவர் யார், எங்குள்ளார் என்பதை அறிந்தார். படம் உழவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. உழவரின் பெயரும் ஊரும் சாவேஜின் ஏட்டில் ஏறின. இன்று சமூக ஊடக நிறுவனங்கள் கட்டணமின்றிக் காட்சி தந்து, காண்பவர் விருப்பத்தைக் குறித்துக்கொள்ளும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. அளவும் விரைவும் வேறு; அவ்வளவே.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விரலால் விரைந்து புரட்டினால் குதிரை ஓடுவதுபோலத் தோன்றும் சிறு படப்புத்தகமும் அவர் அனுப்பினார். டான் பேச்சின் பெயரில் சுருட்டும், விளையாட்டுப் பொருளும், பனிச்சறுக்கு வண்டியும், துணி வெளுக்கும் பொறியும் விற்பனைக்கு வந்தன. நடனத்துக்குரிய இசையொன்றும் அதன் பெயரில் அச்சாயிற்று. மினியாபொலிசிலிருந்து தெற்கே சென்ற இரயில் பாதை ‘டான் பேச் பாதை’ என்று வழங்கப்பெற்றது. குதிரைப் பண்ணை இருந்த ஊரோ சாவேஜ் என்றே பெயர் மாறி, இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது.

இப்புகழின் நடுவே இரண்டு ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, 1 நிமிடம் 55 வினாடி என்ற சாதனை பற்றியது. முன்னே வேறொரு குதிரை ஓடிக் காற்றைத் தடுத்தது என்ற காரணத்தால் அஃது அதிகாரப் பதிவில் ஏற்கப்படவில்லை. 1905ஆம் ஆண்டில் நிகழ்த்திய 1 நிமிடம் 55¼ வினாடியே ஏற்கப்பட்ட கணக்கு. சாவேஜோ தம் விளம்பரங்களில் 1:55 என்றே எழுதிவந்தார். கால் வினாடிதான் வேறுபாடு. ஆனால் நடுவர் மறுத்ததை விளம்பரம் மெய்யாக்கியது.

இரண்டாவது ஐயம் பெரிது. டான் பேச் நாள்தோறும் தம் தீவனக் கூட்டுப்பொருளையே உண்கிறது என்று அவர் விளம்பரம் கூறியது. குதிரையின் வெற்றிக்கு அப்பொருளே காரணம் என்று உழவர் எண்ணிக்கொண்டனர். அக்காலத்தில் இத்தகைய கூட்டுப்பொருள்களைச் சோதித்த அமெரிக்க வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் பல, அவற்றில் கொடுக்கும் விலைக்கேற்ற பயன் இல்லை என்று அறிக்கை வெளியிட்டன. அவ்வறிக்கைகளைப் படித்தவர் சிலர். சுவரில் படத்தைக் கண்டவர் பலர். டான் பேச்சின் விரைவு மெய். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு விற்கப்பட்ட பொருளின் பெருமை ஐயத்துக்குரியது. மெய்யான புகழின் முதுகில் ஐயமான பொருள் ஏறிச் செல்வது விளம்பர உலகில் இன்றும் ஓயாத வழக்கம்.

1916ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் டான் பேச் இறந்தது. மருத்துவமனையில் இருந்த சாவேஜ் மறுநாள் உயிர் நீத்தார். அந்நாளில் மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்தன. குதிரையை நம்பிய தொழில்கள் பலவும் அடுத்த சில பத்தாண்டுகளில் சுருங்கின. எஞ்சியவை பந்தயம், குதிரையேற்றம், பொழுதுபோக்கு ஆகியனவே. இன்றியமையாத பொருளாயிருந்த குதிரை விருப்பப் பொருளாயிற்று. விருப்பத்தைத் தூண்டியே விற்க வேண்டிய நிலையில் விளம்பரத்தின் தேவை முன்னிலும் மிகுந்தது.

சமூக ஊடகம் புகுந்தபின்

2004ஆம் ஆண்டில் பேஸ்புக், 2005ஆம் ஆண்டில் யூடியூப், 2010ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராம் ஆகியன தோன்றின. குதிரைத் தொழிலுக்கு இவற்றால் விளைந்த நன்மை சிறிதன்று. குதிரையின் அழகும் குணமும் நடையில் வெளிப்படுபவை. நிலைப்படம் காட்டமாட்டாத நடையை அசையும் படம் காட்டுகிறது. நூறு மைலுக்கு அப்பால் உள்ள சிறு பண்ணைக்காரரும் செலவின்றித் தம் குதிரையைப் பலருக்குக் காட்ட இயல்கிறது. குதிரையேற்றப் பள்ளியொன்று நாள்தோறும் இலாயத்தைத் துப்புரவு செய்வதையும், சிறுவன் ஒருவன் முதன்முறை அச்சம் நீங்கி ஏறி அமர்வதையும் படமெடுத்து வெளியிட்டால், பெற்றோர் மனத்தில் எழும் நம்பிக்கை பெரிய எழுத்து விளம்பரத்தால் எழுவதன்று.

2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்று உலகை முடக்கியபோது, சிட்னியில் நடைபெறும் இங்லிஸ் நிறுவனத்தின் ஈஸ்டர் காலக் குதிரைக்குட்டி ஏலம் இணையவழியே நடந்தது. வாங்குவோர் ஒளிப்படங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் பார்த்துப் பெருந்தொகைகளைக் கேட்டனர். தொடாமலே குதிரை வாங்க இயன்றது எதனால்? 1791ஆம் ஆண்டில் வெதர்பி தொடங்கிய மரபுப் பதிவும், சேன்பெல் வழிவந்த கால்நடை மருத்துவமும் பின்னே நின்றதனால். 33 பந்தயங்களைத் தொடர்ச்சியாக வென்ற ‘விங்க்ஸ்’ என்னும் பெண்குதிரையின் குட்டி 2024ஆம் ஆண்டில் அதே ஏலத்தில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விலைபோனதும், தாயின் வெற்றிகளையும் குட்டியின் மரபையும் எவரும் சரிபார்க்க இயன்றதனால்தான்.

இனி, பழைய விளம்பரத்தில் இல்லாத ஒன்று சமூக ஊடகத்தில் உண்டு. கேட்டவர் மறுமொழி கூறுவர். அம்மறுமொழியைப் பிறரும் கேட்பர். 2018ஆம் ஆண்டு அக்டோபரில், ‘எவரெஸ்ட்’ என்னும் பெரும் பந்தயத்துக்குரிய விளம்பரத்தைச் சிட்னி ஓபரா மாளிகையின் கூரைமேல் ஒளியால் வீழ்த்த ஏற்பாடாயிற்று. நாட்டின் பொதுச் செல்வமான மாளிகையைச் சூதாட்டத்தோடு பொருந்திய பந்தயத்துக்கு விளம்பரப் பலகை ஆக்குவதா என்று சினம் எழுந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இணைய விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். ஒளி வீழ்த்திய இரவில் மக்கள் திரண்டு கைவிளக்குகளின் ஒளியைக் கூரைமேல் பாய்ச்சி எதிர்ப்புக் காட்டினர். பந்தயத்தின் பெயர் முன்னினும் பரவியது உண்மை. நற்பெயர் பரவியதா என்பது வேறு வினா.

அடுத்த ஆண்டு, 2019 அக்டோபரில், பந்தயத்திலிருந்து நீக்கப்பட்ட குதிரைகள் இறைச்சிக்கூடங்களில் துன்புறுத்தப்பட்டதை ஆஸ்திரேலியப் பொது ஒளிபரப்பு நிறுவனம் படம்பிடித்துக் காட்டியது. அப்படம் கைபேசிகள் வழியே பரவியது. ஓடி முடித்த குதிரை எங்கே செல்கிறது என்ற வினாவைப் பந்தய அமைப்புகள் விடைகூறாது தவிர்க்க இயலாமற்போயிற்று. அறிவை மறைத்து நடந்த பாண்டிய நாட்டுக் காலத்து வாணிகம் ஈராயிரம் குதிரைகள் இறந்ததை மறைக்க வல்லதாயிருந்தது. இக்காலத்தில் அம்மறைப்பு எளிதன்று.

தீமைகளும் உள. அசையும் படத்தை வேண்டியவாறு வெட்டி ஒட்டலாம். நொண்டும் நடையை நீக்கிவிட்டு நல்ல நடையை மட்டும் வைக்கலாம். மருந்தூட்டப்பட்ட முரட்டுக் குதிரை சாதுவாய்க் காட்சியளிக்கும். பேஸ்புக் தன் வாணிகப் பகுதியில் உயிருள்ள விலங்குகளை விற்பதற்குத் தடை விதித்தது. உடனே சிலர், குதிரையின் தலைக்கயிறு ஒன்று விற்பனைக்கு உண்டு என்று எழுதி, கயிற்றோடு குதிரையும் வரும் என்று குறிப்பால் உணர்த்தலாயினர். கயிறு மாறியபின் பொறுப்பில்லை என்ற பழைய வழக்கம், கயிற்றை மட்டுமே விற்றேன் என்னும் புதிய தந்திரமாய் உருமாறி வந்தது போலும்!

முடிவுரை

விளம்பரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தை நேரில் காணவந்தோர் தொகை, 2010ஆம் ஆண்டில் ஒரு பந்தய நாளுக்குச் சராசரி 11,000 ஆக இருந்தது. 2019ஆம் ஆண்டில் 6,000 அளவுக்குக் குறைந்தது. நிலம் வேறு பயனுக்கு வேண்டியிருந்தமையால் திடலை மூடுவதென்று 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடியது. 1842ஆம் ஆண்டில் தொடங்கிய வரலாறு அன்று முற்றுப்பெற்றது. சமூக ஊடகங்கள் யாவும் கைக்கெட்டிய காலத்திலேயே இந்நிலை நேர்ந்தது என்பது கருதத்தக்கது. விளம்பரம் விருப்பத்தை வளர்க்கும். இல்லாத விருப்பத்தையும் இல்லாத நிலத்தையும் படைக்காது.

இவ்வரலாற்றால் பெறப்படும் உண்மை ஒன்றே. குதிரை வாணிகத்தில் நெடுங்காலம் நிலைத்தவை, வாங்குவோன் தானே சரிபார்த்துக்கொள்ள இடந்தந்த முறைகள். பந்தய அட்டவணை, மரபு நூல், பொது ஏலம், சீட்டுக் குலுக்கல், மருத்துவ அறிக்கை ஆகிய யாவும் அவ்வகையின. சாவேஜின் தீவனப் பொருளை இன்று நினைப்பார் இலர். டான் பேச்சின் ஓட்டத்தை நினைப்பார் உளர். ஓட்டம் பதிவில் நின்றது. புகழ்ச்சி பதிவில் நிற்கவில்லை.

கைபேசியில் குதிரையின் படத்தைக் காட்டித் தொழில் நடத்துவோர், அதன் பிறப்பையும் நோயையும் குறையையும் கூடவே காட்டுவாராயின், அவர் செனியும் வெதர்பியும் சென்ற வழியில் செல்பவராவர். அழகை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைப்பாராயின், கருவி புதிதாயினும் வாணிகம் பழையதே. மதுரையில் அன்று கயிறு மாறும்வரை பரியாய் நின்றவை இரவில் ஊளையிட்டன. வாங்குவோர் அவ்வூளையைப் பகலிலேயே கேட்கத்தக்க வகையில் அறிவு பரவுவதுதான் எந்த ஊடகத்துக்கும் பெருமை தருவதாகும்.